உத்தராகண்ட் யாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உத்தராகண்டுக்கு யாத்திரைக் குழுக்களோடு போய் வருகிறேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் அனுப்பும் பயணத் திட்டத்தைப் பார்த்தாலே கவலையாக இருக்கிறது. ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை வைத்து நாள் கணக்குப் போடுவது

கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் நிற்பது பனிமலை. கேதாரிலிருந்து கௌரிகுண்டுக்கு நடந்து இறங்கி, சோன்பிரயாகில் வண்டி ஏறினால், பத்ரிக்கு இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல். ருத்ரபிரயாக் வழியாகச் சுற்றினாலும் சோப்தா வழியாகப் போனாலும் ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். அதுவும் பாதை திறந்திருந்தால்! ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் ஸ்ரீநகர் அல்ல, உத்தராகண்டிலேயே உள்ள ஊர்) ருத்ரபிரயாகுக்கும் நடுவே சிரோபகட், பத்ரிக்கு முன்னால் லாம்பகட் என்று மண் சரியும் இடங்கள் உண்டு. ஒரு நல்ல மழை போதும், மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் மறுநாள் மதியமே டேராடூனிலிருந்து விமானம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்களோடு வந்த ஒரு குடும்பத்தில் எழுபது வயது தாண்டிய பாட்டி. திருமங்கையாழ்வார் பாடிய வதரி இதுதான் என்று வழியெல்லாம் பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தார். ஜோஷிமட்டில் பாதை அடைபட்டது. பத்ரிக்கு இன்னும் 45 கிலோமீட்டர்தான். மறுநாள் காலை பாதை திறந்துவிடும் என்றார்கள், திறக்கவும் செய்தார்கள். ஆனால் டிக்கெட் போய்விடும் என்று மகன் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே, இரண்டு கோயில்களுக்கு என்றாலும் இரண்டு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு ரிஷிகேஷிலோ ஹரித்வாரிலோ இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம்.

சமவெளியிலிருந்து நேரே கேதார் ஏறுவது

கௌரிகுண்ட் 2,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே, கோயில் ஏறக்குறைய 3,580 மீட்டரில். நடை சுமார் 16 கிலோமீட்டர். முந்தைய இரவு குப்தகாசியிலோ சோன்பிரயாகிலோ தங்கி உடம்பைப் பழக்குங்கள். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாதீர்கள், இறங்குங்கள்.

அரசிடம் யாத்திரைப் பதிவு செய்யாமல் கிளம்புவது

திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஹெலிகாப்டர் டிக்கெட்டைத் தெரியாதவரிடம் வாங்குவது

அரசு அறிவித்த தளத்தைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

கார்பெட் புலிகள் காப்பகத்தைக் கடைசி நாளில் செருகுவது

கோயில் திறந்திருக்கும் காலமும் காடு திறந்திருக்கும் காலமும் ஒன்றல்ல. காப்பகத்தின் திகாலா பகுதி ஜூன் 15-க்குப் பிறகு நவம்பர் 15 வரை மூடியிருக்கும். மே மாதம் என்றால் காப்பகத்துக்குப் பக்கத்து ஊரான ராம்நகரில் இரண்டு இரவாவது தங்கும்படி வைத்து, சஃபாரி அனுமதியை ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிடுங்கள். எந்த அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்தீர்களோ அதன் அசலையே கையில் கொண்டு போங்கள்.