ரெட்டைப் பிள்ளையா? முதலில் நச்சுக்கொடியைக் கேளுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. என் ரெட்டைப் பயல்கள் வளர்ந்ததும் இங்கேதான். அதனால் இலங்கை மலையகத்தில் எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் யாருக்காவது ரெட்டை என்று தெரிந்தால், மாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்துவிடுவார்கள். "அக்கா, கிளினிக் போதாதா? பெரிய டாக்டரைப் பார்க்கத்தான் வேணுமா?"

பார்க்கத்தான் வேண்டும். ரெட்டை என்றாலே வி.ஓ.ஜி., அதாவது மகப்பேற்று விசேட வைத்தியர், பார்த்தாக வேண்டும். மிட்வைஃப் மிஸ்ஸிடம் கார்டை நீட்டினால் அவரே வழி சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் இல்லை. எத்தனை நாளைக்கு ஒருதரம் போவது, பக்கத்து டிக்கோயா ஆஸ்பத்திரி போதுமா, கண்டிக்கே போக வேண்டுமா என்பதில்தான் யோசனை தேவை. அதைச் சொல்வது நச்சுக்கொடி, அதாவது கருப்பையில் ஒட்டியிருந்து பிள்ளைக்குத் தாயிடமிருந்து சத்தைக் கொடுக்கும் உறுப்பு. பிள்ளைகள் இரண்டுக்கும் அது ஒன்றேதானா, தனித்தனியா என்பதுதான் கேள்வி.

எனக்கு முதல் ஸ்கேன் எடுத்த இடத்தில், "ரெண்டு பிள்ளை, ரெண்டும் நல்லா இருக்கு" என்று படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்களும் சந்தோஷத்தில் படத்தைச் சாமித்தட்டில் வைத்தோம். நச்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கேக்கலையா?" என்றார். கேட்கத் தெரிந்தால்தானே!

இதை நன்றாகப் பார்க்க ஏற்ற காலம் 11 முதல் 14 வாரம். இரண்டு நச்சுக்கொடி சேரும் இடத்தில் பிள்ளைகளுக்கு நடுவே இருக்கும் சவ்வு கூரைமுகடு மாதிரி தடித்துத் தெரியும். நாள் போகப் போக அது மங்கிவிடும். ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் இரண்டு நச்சுக்கொடி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஆண், அல்லது இரண்டும் பெண் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 14 வாரம் தாண்டியும் தெளிவாகத் தெரியவில்லையா? ஒன்று என்றே நினைத்துக் கவனமாக இருப்பதுதான் சரி.

இரண்டு என்றால் பெரும்பாலும் நாலு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒன்றே என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரே நச்சுக்கொடிக்குள் இரண்டு பேருடைய இரத்தக் குழாய்களும் கோத்துக்கொண்டிருக்கும். சில நேரம் ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றைச் சுற்றி நீர் பெருகும், மற்றதைச் சுற்றி வற்றும். இப்படி ஒரே நச்சுக்கொடி உள்ள நூறு பேரில் 10 முதல் 15 பேருக்கு நடக்கிறது. ஆரம்பத்தில் வலியே இருக்காது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு ஸ்கேனைத் தள்ளிப்போடுவது அதனால்தான் ஆபத்து.

நீரில் வித்தியாசம், எடையில் கால்வாசி வித்தியாசம், அல்லது இரண்டும் ஒரே நீர்ப்பைக்குள் என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து, "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாங்க டாக்டர்" என்று கேளுங்கள். கண்டி, பேராதனை மாதிரி, குறைமாதப் பிள்ளையைப் பார்க்கும் பிரிவு உள்ள இடமாக இருக்கட்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த கிளினிக் வரை காத்திருக்கவே கூடாத சமயங்களும் உண்டு. சில நாளிலேயே வயிறு முரசு மாதிரி இறுகிப் பெருத்து மூச்சு வாங்கினால், தலைவலியோடு கண் மங்கினால், உள்ளங்கை உள்ளங்கால் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால், இரத்தமோ நீரோ போனால், விட்டுவிட்டு வயிறு இறுகினால், அசைவு குறைந்தால் உடனே கிளம்புங்கள். 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசம். ஆனால் மழைக்காலத்தில் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ரோட்டில் அது ஏறி வருமா என்று முன்னாடியே பாருங்கள். எங்களுக்கு வராது, ஒரு ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தோம். பிரசவம் பெரும்பாலும் 36, 37 வாரத்தில் வைப்பார்கள். வீடு தூரம் என்றால் எப்போது வார்டில் சேரலாம் என்று 32ஆம் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது!

போன வாரம் ஒரு பிள்ளை ரிப்போர்ட்டோடு வந்தாள். பதின்மூன்று வாரம். தேடிப் பார்த்தேன், நச்சுக்கொடி பற்றி எழுதவில்லை. "அடுத்த மாசக் கிளினிக்கில கேக்கவா அக்கா?" என்றாள். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸிலேயே போ என்றேன். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்தான். போகட்டும்.