ஸ்னோமொபைல் க்ரிப் சூடாகவில்லையா? புது க்ரிப் வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

ஹேண்டில்பார் க்ரிப்பில் வரும் சூட்டைச் சொகுசு என்று நினைப்பவர்கள் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலை நாள் முழுக்க ஓட்டியிருக்க மாட்டார்கள். மைனஸ் 20 டிகிரி குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று மைனஸ் 35 டிகிரி மாதிரி உறைக்கும், மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ளேயே உறைந்துபோகக் கூடிய குளிர் அது. கையுறை போட்டிருந்தாலும் ஹேண்டில்பாரின் உலோகம் உள்ளங்கையிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விரல் மரத்துவிட்டால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே பிடிபடாது. அதனால் க்ரிப் சூடாகவில்லை என்றால் அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வோல்டேஜும் மின்தடையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு மாலை நேரமும் இருந்தால் பெரும்பாலும் நீங்களே சரிசெய்துவிடலாம்.

நான் பார்த்த வரைக்கும் எல்லோரும் முதலில் செய்வது புது க்ரிப்புக்கு ஆர்டர் போடுவதுதான். பழைய க்ரிப்பை அறுத்து எடுத்து, பசையைச் சுரண்டி, புதியதை மாட்டி, ஒரு நாள் காயவிட்டு, ஆசையோடு சுவிட்சைப் போட்டால் அதே குளிர். ஒரு நண்பரின் வண்டியில் இது இரண்டு தடவை நடந்தது. கடைசியில் பார்த்தால் ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. க்ரிப்புக்குள் சூட்டைத் தரும் எலிமெண்ட் அசையாமல் ரப்பருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, அசைவதும் நனைவதும் உரசுவதும் வயர்தான். க்ரிப்பில் கத்தி வைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் அதே சங்கதிதான், சின்னதாக: மின்தடை உள்ள மெல்லிய கம்பியோ படலமோ ஹேண்டில்பார் குழாயின் மேல் சுற்றியிருக்கும், அதற்கு மேல் ரப்பர் க்ரிப். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, பெரும்பாலான வண்டிகளில் த்ராட்டில் லீவரில் கட்டைவிரலுக்கென்று தனியாக ஒரு குட்டி எலிமெண்ட். மோட்டார் சைக்கிளில் வலது க்ரிப்பே திரும்பும், அங்கே வயர் முறுகி முறுகி அறுவது வழக்கம். ஸ்னோமொபைலில் க்ரிப் திரும்பாது, கட்டைவிரலால் லீவரைத்தான் அழுத்துகிறோம். ஆகவே இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது கட்டைவிரல் எலிமெண்டுக்குப் போகும் வயர். ஒவ்வொரு முறை த்ராட்டில் கொடுக்கும்போதும் அது மடங்கி நிமிர்கிறது, அதுவும் குளிரில் விறைத்துப்போன பிளாஸ்டிக் உறையோடு. அதற்கு அடுத்தபடி, ஹேண்டில்பார் இடமும் வலமும் திரும்பும்போது வயர்க் கொத்து வளையும் இடம்.

மின்சாரம் எஞ்சின் சுழலும்போது ஸ்டேட்டரிலிருந்து (எஞ்சினோடு சேர்ந்த, மின்சாரம் உண்டாக்கும் சுருள்) வருகிறது. பேட்டரி இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் விளக்குக்கும் க்ரிப்புக்கும் போவது ஏசி, பேட்டரி உள்ளவற்றில் பெரும்பாலும் டிசி. மீட்டரை டிசியில் வைத்துக்கொண்டு ஏசி லைனை அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும், நீங்களும் சப்ளையே வரவில்லை என்று முடிவு கட்டி ஸ்டேட்டரைக் கழற்றப் போய்விடுவீர்கள். டிசியில் ஒன்றும் வரவில்லை என்றால் ஏசிக்கு மாற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கருவியை எடுக்கும் முன் கையால் தொட்டுப் பார்த்து ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: எது சூடாகவில்லை, எப்போது சூடாகவில்லை? இரண்டு க்ரிப்பும் கட்டைவிரலும் சேர்ந்தே செத்துவிட்டன என்றால் பொதுவான இடத்தில்தான் கோளாறு, அதாவது ஃப்யூஸ், சுவிட்ச், சப்ளை, எர்த். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தப் பக்கத்து வயரோ கனெக்டரோ எலிமெண்டோதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல்: சில வண்டிகளில் இரண்டு க்ரிப்பையும் தொடராக இணைத்திருப்பார்கள், அப்படியானால் ஒன்று அறுந்தாலே இரண்டும் போய்விடும், வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகச் சூடு வேலை செய்து குறைந்த சூடு மட்டும் வரவில்லை (அல்லது நேர்மாறாக) என்றால் சுவிட்சின் அந்தப் பக்கக் காண்டாக்டையும், எலிமெண்டிலிருந்து இரண்டுக்குப் பதில் மூன்று வயர் வருகிறதா என்பதையும் பாருங்கள். மூன்று வயர் இருந்தால் உள்ளே இரண்டு சுற்றுகள் இருக்கின்றன, அதில் ஒன்று மட்டும் அறுந்திருக்கலாம். வண்டி குலுங்கும்போது விட்டு விட்டு வந்தால் அது லூஸ் காண்டாக்ட், வேறு யோசனையே வேண்டாம்.

சோதனையில் பாதி எஞ்சினை அணைத்துவிட்டே செய்யலாம், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய கட்டம் வரும்போது வண்டியை வெளியே கொண்டுபோங்கள், மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேர்ந்துவிடும். இன்னொன்று, பல வண்டிகளில் நிமிடத்துக்கு 3000-லிருந்து 4500 சுற்றுக்குள் கிளட்ச் பிடித்துவிடும், மீட்டரைப் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கூட்டினால் வண்டி பாய்ந்துவிடும். ஐடிலிங்கைத் தாண்டி ஏற்ற வேண்டுமானால் பின்பக்கத்தை உறுதியான ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், ட்ராக்குக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பெல்ட் மூடி கழன்றிருக்கக் கூடாது, இழுபட்டால் எஞ்சினை அணைக்கும் டெதர் கயிறு உங்கள் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஃப்யூஸ் இருந்தால் அதைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் மீட்டரில் கன்டினியூட்டி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, பெரிய ஃப்யூஸ் போட்டு அதை அடக்கப் பார்க்காதீர்கள், உருகப்போவது வயர்க் கொத்து.

அடுத்தது மின்தடை. சாவியை எடுத்துவிட்டு, ஹேண்டில்பார் மூடியைக் கழற்றி, க்ரிப்பிலிருந்து வரும் கனெக்டரைப் பிரியுங்கள். பூட்டை அழுத்தி பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் புதிதாக ஒரு கோளாறை நாமே உண்டாக்குகிறோம். குளிரில் அந்தப் பூட்டு எளிதில் உடையும், முடிந்தால் வண்டியைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மீட்டரை ஓமில் வைத்து முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 ஓம் என்று காட்டும். அது மீட்டர் வயரின் மின்தடை, அளக்கிற எண்ணிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எலிமெண்டை அளவிடுங்கள். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேனுவல் கையில் இல்லாவிட்டால் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்: பல வண்டிகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஒரு பக்கம் 6 ஓம், மறுபக்கம் ஓஎல் (OL, அளக்க முடியாத அளவு மின்தடை, அதாவது பாதை அறுந்திருக்கிறது) என்று வந்தால் அறுந்த பக்கம் தெரிந்துவிட்டது. ஒரு ஓமுக்கும் கீழே வந்தால் ஷார்ட் என்று சந்தேகப்படுங்கள். கூடவே எலிமெண்ட் வயருக்கும் ஹேண்டில்பார் உலோகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், அங்கே ஓஎல்தான் வர வேண்டும், எண் ஏதாவது வந்தால் உறை தேய்ந்து கம்பி குழாயில் உரசுகிறது. (எர்த்தை ஹேண்டில்பார் வழியாகவே எடுக்கும் அமைப்புகளும் உண்டு, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

இப்போது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மீட்டரின் முனைகளைக் கனெக்டரில் நிலையாக மாட்டிவிட்டு, ஒருவர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஹேண்டில்பாரை முழு இடமும் முழு வலமுமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். பிறகு த்ராட்டில் லீவரை அழுத்தி விட வேண்டும் (எஞ்சின் அணைந்திருக்கிறதுதானே, பயமில்லை). பிறகு வயரை விரல் நுனியால் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக வளைத்துக்கொண்டே போக வேண்டும். நேராக இருக்கும்போது 6.1 காட்டிய எண் ஒரு குறிப்பிட்ட இடத்தை வளைக்கும்போது மட்டும் 40-க்கோ ஓஎல்லுக்கோ குதித்துத் திரும்ப 6.1-க்கு வந்தால், விரலுக்கு அடியில்தான் கோளாறு இருக்கிறது. வெளியே உறை முழுசாகத்தான் இருக்கும், உள்ளே செப்பு இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் உறை மிட்டாய் மாதிரி நீளும், உள்ளே கம்பி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எலிமெண்டில் குறையில்லை, வயரிலும் அறுப்பு இல்லை, ஆனாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லையா? அப்படியானால் கனெக்டர்களைப் பாருங்கள். கணக்கோடு சொல்கிறேன். 6 ஓம் எலிமெண்டுக்கு 13.5 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் சுமார் 30 வாட் சூடு வரும். வழியில் ஒரு கனெக்டர் களிம்பேறி வெறும் 1 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ரிப்பில் வருவது 22 வாட் சொச்சமாக இறங்கிவிடும், கால்வாசிக்கு மேல் போயிற்று. அதில் கிட்டத்தட்ட 4 வாட் அந்தக் குட்டிக் கனெக்டருக்குள்ளேயே எரிந்து அதன் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி உருக்கும். அதனால்தான் சுமை இல்லாமல் எடுக்கும் வோல்டேஜ் அளவை நம்பக் கூடாது: கனெக்டரைப் பிரித்துவிட்டு அளந்தால் 13.5 வோல்ட் அழகாகக் காட்டும், மாட்டி சுவிட்சைப் போட்ட பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். எல்லாம் மாட்டிய நிலையில், எஞ்சின் ஓட, சுவிட்ச் அதிகச் சூட்டில் இருக்க, கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து எலிமெண்டுக்கு வந்து சேரும் வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பக்கம் 13.5, எலிமெண்டில் 10 என்றால் நடுவில் எங்கோ மூன்றரை வோல்ட் தொலைகிறது, சுவிட்சுக்கு முன்னும் பின்னும், கனெக்டருக்கு முன்னும் பின்னும் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி அளந்தால் திருடனைப் பிடித்துவிடலாம். எர்த் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட் இதே வேலையைச் செய்யும்.

பச்சைக் களிம்பு லேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, ஈரத்தைத் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசி மாட்டினால் போதும். முள் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, கனெக்டரையே மாற்றுங்கள். சுவிட்சும் இப்படித்தான், உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டால் புதியதுதான் வழி.

டிஜிட்டல் பட்டனில் பல நிலைகளாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் கன்ட்ரோலர் மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும். அங்கே சாதாரண மீட்டரில் வோல்டேஜ் குழப்பமாகத்தான் தெரியும், மின்தடைச் சோதனையை நம்புங்கள், டிஸ்ப்ளேயில் கோளாறு எண் ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள். எலிமெண்டைத் தனியாகப் பிரித்து ஃப்யூஸ் போட்ட 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நிமிடம் கொடுத்துச் சோதிக்கலாம், ஆனால் கன்ட்ரோலர் பக்கம் போகும் வயரில் வெளிமின்சாரத்தைத் தொடவே விடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஐடிலிங்கில் மட்டும் சூடு குறைகிறது என்றால் அது பல வண்டிகளில் இயல்பு, குறைந்த சுற்றில் ஸ்டேட்டர் கொடுப்பது குறைவு. சூடேறும் முகக்கவசம், ஜிபிஎஸ், கூடுதல் விளக்கு என்று பின்னால் மாட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். புதிதாக அலுமினிய ஹேண்டில்பார் மாட்டிய பிறகு சூடு குறைந்தது என்றால், சூட்டைக் குழாயே இழுத்துக்கொள்கிறது. எலிமெண்டுக்கு அடியில் ஹீட் ஷ்ரிங்க் உறை (சூடுபட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) ஒன்று ஏற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

அறுந்த வயரை ஒட்டும்போது பலர் செய்யும் தவறு, அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்து டேப் சுற்றுவது. ஈயம் ஏறிய இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும், அதன் விளிம்பில் சீக்கிரமே மறுபடி அறும். மடங்கும் பகுதியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய இழைகள் நிறைய உள்ள வளையக்கூடிய வயரைப் போட்டு, இணைப்புகளை அசையாத இடத்துக்குத் தள்ளி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள்.

எலிமெண்டே போய்விட்டது என்று மீட்டர் உறுதியாகச் சொன்னால் மட்டும் கத்தியை எடுங்கள். க்ரிப்பை நீளவாக்கில் கீறி உரித்து, பழைய பசையைக் கண்ணாடி மாதிரி சுத்தம் செய்து, புது எலிமெண்டைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மடிப்பு விழுந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகும். வயர் வெளியே வரும் முனையை உள்ளங்கை அழுத்தாத, லீவர் தொடாத பக்கமாக வைத்து, க்ரிப் மாட்டும் முன்பே ஒரு தடவை மின்தடையை அளந்துகொள்ளுங்கள். பசை பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுசாகக் காயட்டும், ஓட்டும்போது கழன்று வரும் க்ரிப் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

கடைசியாக வயர்களைக் கேபிள் டையால் கட்டும்போது ஹேண்டில்பாரை முழு இடமும் முழு வலமும் திருப்பி, இரண்டு கோடியிலும் வயர் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டையை இறுக்குங்கள். த்ராட்டில் லீவரை அழுத்தி விட்டால் டக்கென்று முழுசாகத் திரும்பி வர வேண்டும், ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் வர வேண்டும். வயரோ புது க்ரிப்பின் விளிம்போ அதைத் துளி தடுத்தாலும் எஞ்சினைத் தொடங்காதீர்கள். அப்புறம் வெளியே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அதிகச் சூட்டில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கையுறையைக் கழற்றி இரண்டு க்ரிப்பையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு உள்ளங்கைக்கும் ஒரே அளவு சூடு தெரிகிறதென்றால் மூடியை மாட்டிவிடலாம்.