நாவலுக்கு ஒரு ஜோடிப் புத்தகம்

நாவல் மட்டுமே படிப்பவரா? அடுத்த முறை, முடித்த நாவலின் களத்தைப் பற்றியே ஒரு வரலாற்று நூலை எடுங்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பிறகு நான் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைத் திறந்தேன். கதையில் சதிகாரனாக வரும் ரவிதாசன், சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டிலும் இருக்கிறான்! சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தடித்த நூலைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து போகாமல், கடைசியில் உள்ள பெயர் அகராதியில் நாவலில் பழகிய ஒருவரைத் தேடி, நேராக அந்தப் பக்கத்துக்குப் போங்கள். அங்கிருந்து முன்னும் பின்னுமாகப் பத்துப் பக்கம். அப்புறம் நூல் தானாகவே இழுத்துக்கொள்ளும்.