பாரிசுக்கு மின்சாரக் காரில் வருகிறீர்களா? சார்ஜை வெளியிலேயே முடித்துவிட்டு வாருங்கள்

ஜெர்மனியில் இருக்கும் என் மச்சான் மின்சாரக் கார் வாங்கிய முதல் வருடம், மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு பாரிசுக்கு வெளிக்கிட்டார். கொலோனிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீற்றர். வழியில் ஒரு தடவை சார்ஜ் போட்டார். மிச்சத்தைப் பாரிசில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய நகரத்தில் சார்ஜருக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் பக்கம் வந்து சேரும்போது பற்றரியில் 8 சதவீதம். முதல் இடத்தில் எல்லாச் சார்ஜ் தூணிலும் கார் நின்றது. இரண்டாவது இடத்தில் ஒரு தூண் வேலை செய்யவில்லை, மற்றது அவருடைய அட்டையை ஏற்கவில்லை. மூன்றாவது இடத்தில் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் அந்தத் தூண் கொடுத்தது வெறும் 3.7 கிலோவாட், ஆமை வேகம். இரவு பத்தரைக்கு எனக்குப் போன் வந்தபோது பிள்ளைகள் பின் இருக்கையில் சாப்பிடாமலே நித்திரையாகியிருந்தார்கள்.

அன்றிலிருந்து, காரில் வருகிறோம் என்று சொல்லும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரிய சார்ஜைப் பாரிசுக்கு வெளியே, நெடுஞ்சாலையில் முடியுங்கள். நகரத்துக்குள் கார் எப்படியும் சும்மா நிற்கப்போகிற நேரத்தில் மட்டும் போடுங்கள். சார்ஜுக்காக நகரத்துக்குள் சுற்றாதீர்கள். ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்து, வேலை எடுத்து, முதல் காரே மின்சாரக் காராக வாங்கியிருக்கும் தம்பி தங்கைகள் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் இல்லை.

பாரிஸ் தெருக்களில் சார்ஜ் தூண்கள் குறைவு என்று நான் சொல்லவில்லை. தாராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மெதுவானவை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2011 டிசம்பரில் ஓட்டோலிப் என்ற பெயரில் வாடகை மின்சாரக் கார்கள் இங்கே வந்தன. தெருவோரத்தில் எடுத்து, வேறொரு தெருவோரத்தில் விட்டுவிட்டுப் போகலாம். அந்தக் கார்கள் நின்று நின்றே சார்ஜ் ஏறின, அதனால் வேகம் தேவைப்படவில்லை. 2018 ஜூலையோடு சேவை நின்றது. தூண்கள் இருந்த தரிப்பிடங்களில் பல, பின்னர் நகரத்தின் பெலிப் வலைப்பின்னலுக்குள் வந்தன. இன்று பெலிப்பை நடத்துவது தோத்தல் எனெர்ஜி நிறுவனம். 3.7, 7, 22 கிலோவாட் என்று வெவ்வேறு தூண்கள் உண்டு. 50 கிலோவாட் தூணும் சில இடங்களில் இருக்கிறது.

இந்த எண்களை வாயால் சொன்னால் புரியாது, கணக்காகப் பாருங்கள். உங்கள் பற்றரியின் கொள்ளளவு 60 கிலோவாட்-மணி என்று வைப்போம். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 36 கிலோவாட்-மணி வேண்டும். 3.7 தூணில் அதற்குப் பத்து மணித்தியாலம் போகும். 7 கிலோவாட்டில் ஐந்துக்குக் கொஞ்சம் மேல். நெடுஞ்சாலையில் 150 கிலோவாட் சார்ஜரில் அதே வேலை பெரும்பாலான புதிய கார்களுக்கு அரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். பிள்ளைகள் கழிவறைக்குப் போய், ஒரு கோப்பி குடித்துவிட்டு வருகிற நேரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 22 என்று எழுதியிருக்கும் தூணில் உங்கள் கார் 22 எடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இப்படியான மாறுமின்னோட்ட (ஏசி) தெருத் தூணில் வேகத்தைத் தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் சார்ஜர். பல கார்களில் அது 11 கிலோவாட், சிலவற்றில் 7 மட்டும். லண்டனிலிருந்து வருபவர்கள் இதை முக்கியமாகப் பாருங்கள். அங்கே வீடுகளில் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரம் என்பதால், அங்கே விற்கும் சில கார்களில் 7 கிலோவாட் சார்ஜர்தான் வருகிறது. அப்படிப்பட்ட காருக்கு 22 தூணில் கூடுதல் காசு கொடுத்தும் பயன் இராது.

சரி, எங்கே நிற்பது? லில், பிரசெல்ஸ் பக்கமிருந்து வருபவர்கள் ஏ1 நெடுஞ்சாலையில்தான் வருவீர்கள். அதில் அசவில்லேர் ஒரு பெரிய ஓய்விடம். பாரிசுக்குக் கிட்ட, ருவாசி விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் வேமார் இருக்கிறது. மெட்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க் வழியாக ஏ4 இல் வருபவர்கள் ரான்ஸ் தாண்டி, பாரிசுக்கு முன்னால் ஒரு தடவை நின்றுவிடுங்கள். பிரான்ஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வேக சார்ஜர் வைக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியதிலிருந்து இந்தப் பயணம் நிறைய இலகுவாகிவிட்டது. டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர்களில் பல இப்போது மற்றக் கார்களுக்கும் திறந்திருக்கின்றன. பாரிசுக்குள் நுழையும்போது பற்றரியில் 70 சதவீதமாவது இருக்கட்டும். வார இறுதி முழுக்க நகரத்துக்குள் ஓடினாலும் அது போதும். உள்ளே பெரும்பாலான தெருக்களில் 30க்கு மேல் ஓட முடியாது, பெரிஃபெரிக் சுற்றுச்சாலையிலும் 2024 ஒக்டோபரிலிருந்து 50தான். அந்த வேகத்தில் மின்சாரக் கார் மிகக் குறைவாகவே குடிக்கும். நெடுஞ்சாலையில் 130 இல் ஓடும்போதுதான் பற்றரி கரையும். குளிர்காலத்தில் இன்னும் கூடுதலாக.

காசு கொடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வீட்டிலிருந்து வெளிக்கிடுவதற்கு முன்பே சார்ஜ் தூண்களுக்கான இரண்டு செயலிகளைப் போனில் போட்டு, அட்டை விபரம் கொடுத்து, ஒரு தடவை உங்கள் ஊர்த் தூணிலேயே முயன்று பாருங்கள். உதாரணத்துக்கு, சார்ஜ்மாப் என்பது ஸ்ட்ராஸ்பூர்க்கில் தொடங்கிய நிறுவனம், பிரான்ஸ் முழுக்கத் தூண்களைக் காட்டும். அவர்களுடைய சிறிய அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்தால் நிலத்தடித் தரிப்பிடத்தில் போனுக்குச் சிக்னல் இல்லாதபோதும் தொட்டுத் தொடங்கலாம். ஒரே தூணுக்கு ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு விலை இருக்கும். தொடங்கும் முன் விலையைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 13க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்களில் சாதாரண வங்கி அட்டையாலேயே கட்ட முடிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே நெடுஞ்சாலையில் கவலை குறைவு. தெருத் தூணில்தான் செயலியோ அட்டையோ வேண்டும். சில இடங்களில் தொடங்கும்போதே ஒரு தொகையை வங்கியில் பிடித்துவைப்பார்கள், சில நாளில் திரும்பிவிடும். கணக்கில் அதற்கு இடம் இருக்கட்டும்.

தெருத் தூணில் மின்சாரத்துக்கு மட்டும் காசு என்று நினைக்காதீர்கள். நின்ற நேரத்துக்கும் கணக்கு ஓடலாம். ஏறி முடிந்ததும் காரை எடுத்துவிடுங்கள். சார்ஜ் போடாமல் அந்த இடத்தில் தரித்தால் 35 யூரோ தண்டம், இழுத்துக்கொண்டும் போவார்கள்.

சாதாரணத் தரிப்பிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பெரிய குடும்பக் கார்களைத்தான் விரும்புகிறார்கள். 2024 ஒக்டோபரிலிருந்து பாரிஸ் நகரம் பாரமான கார்களுக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. மின்சாரக் காருக்கு எல்லை 2 தொன். அதற்கு மேல் என்றால், வெளியிலிருந்து வருபவருக்கு நடு வட்டாரங்களில் மணிக்கு 18 யூரோ, வெளி வட்டாரங்களில் 12. லாச்சப்பல் கடைகள் இருக்கும் 10ஆம் வட்டாரம் 18 யூரோப் பகுதி. நேரம் கூடக் கூட இன்னும் ஏறும், ஆறு மணித்தியாலத்துக்கு 225 யூரோ. காரின் பதிவுப் பத்திரத்தை எடுத்து எடையை இப்போதே பாருங்கள். பாரமான கார் என்றால் தெருவில் விடாதீர்கள். நிலத்தடித் தரிப்பிடங்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. முன்பதிவு செய்தால் மலிவாகவும் கிடைக்கும், சார்ஜ் உள்ள இடமாகப் பார்த்துப் பிடிக்கலாம். கூரைப்பெட்டி போட்டு வருபவர்கள் உயர எல்லையைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், லாச்சப்பலுக்குக் காரில் போகவே வேண்டாம். நம்மவர்களில் நிறையப் பேர் புறநகரில், லா கூர்னேவ், சார்செல், பொண்டி பக்கம்தான் இருக்கிறார்கள். காரை அங்கே உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ரயில் எடுங்கள். லா கூர்னேவிலிருந்து பி ரயில், சார்செலிலிருந்து டி ரயில், இரண்டும் நேரே கார்-து-நோர் நிலையத்துக்கு வரும். இறங்கி நடந்தால் கடைத்தெரு. ஓகஸ்ட் கடைசியில் லாச்சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு வருகிறவர்கள் கட்டாயம் ரயிலில் வாருங்கள், அன்றைக்கு அந்தத் தெருக்களில் வாகனமே போகாது.

உறவினருக்குத் தனிவீடு இருந்தால் இரவில் அங்கேயே சார்ஜ் போடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. சாதாரணச் சுவர்ப் பிளக்கில் பன்னிரண்டு மணித்தியாலம் விட்டால் 20 முதல் 25 கிலோவாட்-மணி ஏறும், நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். வீட்டுக்காரருக்கு வருகிற செலவு 5 யூரோ அளவு. காசு வாங்கமாட்டார்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் தயவுசெய்து, சுருட்டி வைத்த நீட்டிப்பு வயரில் போடாதீர்கள். மணிக்கணக்கில் மின்சாரம் ஓடும்போது சுருள் சூடாகி உருகும், வீட்டுக்குள் ஆட்கள் நித்திரையில் இருப்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் தடித்த வயரை முழுக்க விரித்து, காரில் சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைத்துப் போடுங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கழற்றிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் யன்னலால் வயர் இறக்குவதோ, நிலவறைப் பொதுப் பிளக்கில் செருகுவதோ வேண்டாம். அது எல்லோரும் சேர்ந்து கட்டும் மின்சாரம், நீங்கள் போன பிறகு பிரச்சினை அந்த வீட்டுக்காரருக்குத்தான் வரும்.

கார் எவ்வளவு மாசு விடுகிறது என்று காட்டும் பிரான்சின் கிரித்-ஏர் ஸ்டிக்கர் பற்றிக் கேட்பீர்கள். ஜெர்மனியின் பச்சை ஸ்டிக்கர் இங்கே செல்லாது. மாசு கூடிய வாகனங்களைத் தடுக்கும் மண்டலங்களை வைப்பதா எடுப்பதா என்று பாராளுமன்றம் வரை விவாதம் போனது. ஆனாலும் சில யூரோதான், அரசின் சொந்த இணையத்தளத்தில் எடுத்து ஒட்டிவிட்டு வாருங்கள். மின்சாரக் காருக்குப் பச்சை நிறத்தில் வரும். தபாலில் வர நாளாகும், ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். அதே வேலைக்குப் பல மடங்கு காசு பிடுங்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், கேபிள். தெருத் தூண்களில் பெரும்பாலும் கேபிள் தொங்காது, வெறும் துளைதான். டைப் 2 கேபிள் (ஐரோப்பாவில் வழக்கமான செருகி உள்ளது) உங்களுடையதாக இருக்க வேண்டும். வாடகைக் கார் எடுத்தால் சாவி வாங்கும்போதே டிக்கியைத் திறந்து கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும் நாளில் அரிசி மூட்டையும் மரக்கறிப் பெட்டிகளும் ஏற்றுவதற்கு முன் அதை வெளியே எடுத்து, ஆகக் கடைசியில் மேலே வையுங்கள்.