கடித உறையை அடுப்பில் போடாதீர்கள்

கிளிநொச்சியில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன மாரியில் ஒரு அக்கா, அரச காணி பேர்மிட் இரத்து என்ற கடிதத்தோடு வந்தார். கடிதத்துத் திகதிப்படி, வழக்குப் போட உள்ள ஒரு மாதம் முடிந்து இரண்டு நாள். கைக்கு வந்த நாளை உறையின் தபால் முத்திரை காட்டுமே என்று "உறை எங்கேயக்கா?" என்றேன். அடுப்பு மூட்டப் போய்விட்டதாம்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று பாருங்கள். நிறைவேறிய சட்டமா? அதற்கு எதிராக மனு எழுதிக் காசைக் கரைக்க வேண்டாம். 1965இல் லியனகே வழக்கில், அப்போது நமக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (Privy Council) நம் நாட்டுச் சட்டமொன்றையே செல்லாது என்றது. 1972 அரசியல் யாப்போடு அந்த வழி அடைபட்டது. 1978 யாப்பின் 80(3)ஆம் உறுப்புரையும் அதைத் திறக்கவில்லை: சபாநாயகரோ ஜனாதிபதியோ நிறைவேறியது என்று சான்றுரை எழுதிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அமெரிக்காவிலோ சட்டத்தைச் செல்லாது என்னும், யாப்பில் எழுதாத அதிகாரத்தை 1803இல் நீதியரசர் மார்ஷல் வாசித்தே எடுத்துக்கொண்டார். இங்கே எழுதியே பூட்டிவிட்டார்கள்!

இன்னும் நிறைவேறாத சட்டமூலம்தான் என்றால் எந்தக் குடிமகனும் 121ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போகலாம். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதிலிருந்து நாட்கள் கொஞ்சம்தான். வர்த்தமானி வந்ததுமே சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

அதிகாரியின் கட்டளை என்றால் இரண்டு வழி. பக்கத்துக் காணிக்காரரை விட்டுவிட்டு உங்களுடையதை மட்டும் இரத்துச் செய்திருந்தால் அது 12ஆம் உறுப்புரைச் சமத்துவ உரிமை மீறல். 126இன் கீழ் ஒரு மாதத்துக்குள் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கும் அத்தாட்சி வேண்டும். மற்றது எழுத்தாணை (writ): அதிகாரியின் கட்டளையை நீக்கச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்பது. அதற்கு மாதக் கணக்கு இல்லை, என்றாலும் தாமதித்தால் நீதிமன்றம் முகம் சுளிக்கும். அரச காணி விஷயத்தில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்று 2013இல் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே அங்கே அலையாமல் நேரே கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்.

சரி, அந்த அக்கா? நல்லகாலம், கடிதம் பதிவுத் தபாலில் வந்திருந்தது. தபாற்காரர் கையெழுத்து வாங்கிய திகதி தபாற்கந்தோரில் இருந்தது: கடிதத் திகதிக்குப் பத்தொன்பது நாள் பிந்தி. மழையிலேயே போய் அதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அன்று பின்னேரமே சட்டத்தரணிக்கு ஃபோன் எடுத்தோம்.