பிள்ளை மலாய் பேசுகிறது, தமிழ் வரவில்லையா? முதலில் மணிக்கணக்கு பாருங்க

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். அப்பா செம்பனைத் தோட்டத்தில், அம்மா பேக்டரியில், பிள்ளை விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை மக்சிக் (பிள்ளை பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அம்மா) வீட்டில். இரண்டு வயதில் 'சூசு' (பால்), 'நாசி' (சோறு), 'மண்டி' (குளியல்) எல்லாம் மலாயில் சரளமாக வருகிறது, தமிழில் அம்மா, தாத்தா, வேணாம், அவ்வளவுதான். உடனே "பிள்ளைக்கு ரெண்டு மொழியும் குழம்பிடுச்சு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். குழப்பமெல்லாம் இல்லை. எந்த மொழியில் அதனிடம் எவ்வளவு பேசுகிறோமோ, அந்த மொழியில் அவ்வளவு சொல் சேரும். இரண்டையும் கூட்டினால் ஒரே மொழி பேசும் பிள்ளைகளின் கணக்குக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

அதனால் ஒரு சாதாரண வேலைநாளை எடுத்து, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் யார், எந்த மொழியில், அதனிடம் நேராகப் பேசுகிறார்கள் என்று எழுதிப் பாருங்க. பக்கத்தில் பெரியவர்கள் ஊர்க்கதை பேசுவதைச் சேர்க்காதீங்க. டிவியையும் சேர்க்காதீங்க. 2003-இல் குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பட்ரீசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு சீனமொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன, அதே ஆள் திரையில் பேசியபோது கற்கவில்லை. போனில் தமிழ்ப் பாட்டு ஓடுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

தமிழ் நேரம் குறைவு என்று தெரிந்தால், புதிதாகப் பாடம் நடத்த வேண்டாம். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது, இந்த மூன்றும் எப்படியும் நம் கையில்தான் இருக்கு, அதை முழுக்கத் தமிழாக்குங்க. "கையைத் தூக்கு, அக்குள்ல சோப்பு போடுவோம், ஐயோ கூசுதா, இப்ப தண்ணி ஊத்தட்டுமா?" என்று செய்வதையே சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, முகத்தைப் பாருங்க, ஒரு 'ஆ' வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு தொடருங்க. பிள்ளை "நாசி" என்றால் திட்டவோ திருத்தவோ வேண்டாம், "சோறு வேணுமா? இந்தா, சூடான சோறு" போதும். மக்சிக்கையும் தமிழ் பேசச் சொல்லி வதைக்காதீங்க, அவர் மலாயே பேசட்டும், தாடிகாவுக்கு (பாலர் பள்ளிக்கு) அது உதவும்.

பேச்சு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ளது போன்ற வேறுபாட்டை 6 மாதக் குழந்தை எந்த வீட்டில் பிறந்தாலும் பிரித்துக் கேட்கும், காதில் விழாத மொழியில் அந்தத் திறமை 1 வயதுக்குள் மங்கிவிடும்.

அப்புறம், 2 வயதாகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அதை மொழிமேல் போடாதீங்க. கிளினிக்கில் காது சோதிக்கச் சொல்லுங்க. எத்தனை சொல் பேசுகிறது என்று கேட்டால் தமிழ், மலாய் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்க.