எல்இடி எரிந்தால் போர்டு பாஸ் ஆகிவிடுமா?

சிறிய எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் தரச் சோதனை பெரும்பாலும் கடைசி மேசையில்தான் நடக்கிறது. சப்ளை கொடுத்ததும் எல்இடி எரிந்தால் பாஸ், உடனே பேக்கிங். வாரண்டியில் திரும்பி வருபவற்றில் பல, அந்த மேசையில் பாஸ் ஆனவைதான்.

ஸ்டாட்டிக்கையே, அதாவது உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் விரலுக்கு அது சுருக்கென்று தெரிய ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சில ஐசிக்களுக்கோ (சிப்களுக்கோ) 100 வோல்ட்டே அதிகம். அடிபட்ட ஐசி அப்போதே செத்தால் நல்லது. பாதி அடிபட்டால் டெஸ்டில் ஒழுங்காக ஓடிவிட்டு வாடிக்கையாளரிடம் போய்ப் படுத்துவிடும். ஸ்டாட்டிக்கை எர்த்துக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் கட்டினால் மட்டும் போதாது. அதன் வயர் உள்ளே அறுந்திருக்கலாம். தினமும் வேலை தொடங்கும் முன் சோதியுங்கள்.

அடுத்து, 'வேல்யூ ஒன்றுதானே' என்று கையில் கிடைத்த பாகத்தை மாற்றிப் போடுவது. கெப்பாசிட்டர் என்பது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். 10 மைக்ரோஃபாரட் என்று வாங்கிய சின்ன செராமிக் கெப்பாசிட்டரின் வேல்யூ, போர்டில் டிசி வோல்டேஜ் ஏறியதும் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். பழைய பாகம் அளவில் பெரிதாக இருந்ததால் தாங்கியிருக்கும். பார்த்து மாற்றினால் தப்பில்லை. எந்த பேட்ச்சிலிருந்து மாற்றினோம் என்று எழுதி வைக்காததுதான் தப்பு. புகார் வந்தால் எத்தனை போர்டுகளைத் திரும்ப வாங்குவது என்றே தெரியாமல் போகும்.

போலாரிட்டி, அதாவது பிளஸ்-மைனஸ் குழப்பம் இன்னொன்று. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும் எஸ்எம்டி டேன்டலம் கெப்பாசிட்டரில் அதே கோடு பிளஸ். புதிதாகச் சேர்ந்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சரியாக அசெம்பிள் செய்த ஒரு போர்டை அவர் கண்ணெதிரே வையுங்கள்.

பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், அவ்வளவுதான்.

சரி, போர்டை வைத்துச் சோதிக்கும் டெஸ்ட் ஜிக்கை யார் சோதிப்பது? போர்டைத் தொடும் அதன் ஸ்பிரிங் ஊசியான போகோ பின் தேயும், அதன் முனையில் ஃபிளக்ஸ் (சால்டரிங் பசை) ஒட்டும். அப்போது நல்ல போர்டு ஃபெயில் ஆகும், அதைப் பிரித்துச் சால்டர் செய்தே கெடுப்பார்கள். காலையில் ஜிக்கில் முதலில் ஒரு நல்ல போர்டை வைத்துப் பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே குறை வைத்த ஒரு போர்டு. அதையும் ஜிக் பாஸ் செய்தால் அன்றைய டெஸ்டிங்கைத் தொடங்காதீர்கள்.